முன்கூட்டியே போகும் கடிதம் யார் வீட்டுக்கு?

அமெரிக்காவில் பள்ளி இறுதி ஆண்டு படிக்கும் சில மாணவர்களுக்கு, மற்றவர்கள் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து முடிப்பதற்கு முன்பே ஒரு கடிதம் வந்துவிடும். அனுப்புவது ராணுவ அகாடமி. "மீதமுள்ள நிபந்தனைகளை நீ நிறைவு செய்தால் உனக்கு இங்கே இடம் உண்டு" என்பதுதான் அதன் சாரம். இதற்கு 'லெட்டர் ஆஃப் அஷூரன்ஸ்' என்று பெயர். தமிழில் உறுதிக் கடிதம் என்று சொல்லலாம்.

இந்தக் கடிதம் கிடைப்பது மிகச் சிலருக்குத்தான். ஆனால், அதை யாருக்கு அனுப்புவது, அப்படி முடிவெடுக்கும்போது மாணவரின் இனத்தைப் பார்க்கலாமா என்ற கேள்வி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'தகுதி' என்ற சொல்லும் 'சலுகை' என்ற சொல்லும் அந்த வழக்கில் மோதிக்கொண்ட விதம், இட ஒதுக்கீடு பற்றிய விவாதங்களைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. அதனால்தான் அந்த வழக்கை இங்கிருந்து பார்ப்பது பயனுள்ளது.

கடிதத்தின் நிபந்தனைகள்

அமெரிக்காவில் தரைப்படைக்கு வெஸ்ட் பாயின்ட் அகாடமி (1802), கடற்படைக்கு அன்னாபொலிஸ் அகாடமி (1845), விமானப்படைக்கு கொலராடோவில் உள்ள அகாடமி (1954) என மூன்று பெரிய அகாடமிகள் இருக்கின்றன. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் அரசு செலவு. மாதச் சம்பளமும் உண்டு. படித்து முடித்தவர் அதிகாரியாகக் குறைந்தது 5 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். கல்லூரிப் படிப்புக்குக் கடன் வாங்கியே தீர வேண்டிய அந்த நாட்டில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது வாழ்க்கையையே மாற்றும் வாய்ப்பு.

சேர்வதற்கான நிபந்தனைகள் கடுமையானவை. குடியுரிமை வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையிலும் உடல்திறன் தேர்விலும் தேற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பரிந்துரை வேண்டும். தொகுதி எம்.பி., மாநில செனட்டர், துணை ஜனாதிபதி போன்றோர் மாணவரின் பெயரை முறைப்படி முன்மொழிய வேண்டும். இது பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லி வாங்கும் சிபாரிசுக் கடிதம் போன்றதல்ல. சட்டத்தில் எழுதப்பட்ட நடைமுறை.

உறுதிக் கடிதம் பெற்றவருக்கும் இந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கு இல்லை. பரிந்துரை கிடைக்காவிட்டாலோ, மருத்துவப் பரிசோதனையில் தவறினாலோ, பள்ளி மதிப்பெண் சரிந்தாலோ கடிதம் செல்லாது. ஆனாலும் அதன் மதிப்பு பெரிது. "அகாடமி இவரை விரும்புகிறது" என்ற செய்தி எம்.பி. அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. மாணவரும் வேறு கல்லூரியைத் தேடி ஓடாமல் நிம்மதியாக இருக்கிறார். நல்ல மாணவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் கொத்திக்கொண்டு போவதற்குள் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அகாடமிகளின் நோக்கம்.

யாருக்குப் போகிறது?

வெஸ்ட் பாயின்ட் அகாடமி ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு மொத்த மதிப்பெண் போடுகிறது. அதில் படிப்புக்கு 60 சதவீதம், தலைமைப் பண்புக்கு 30 சதவீதம், உடல்திறனுக்கு 10 சதவீதம். இந்த மதிப்பெண் மிக உயர்ந்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே கடிதம் போகலாம். அகாடமி அணிக்கு விளையாட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் தேடிப் பிடிக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் போகிறது. அகாடமிக்குத் தேவை என்று கருதப்படும் வேறு தனித்திறன், பின்னணி கொண்டவர்களுக்கும் போனது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். விண்ணப்பங்கள் அனைத்தும் ஒரே நாளில் பரிசீலிக்கப்படுவதில்லை. முன்னால் வந்து சேரும் கோப்பு முன்னால் பார்க்கப்படுகிறது. எனவே, கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே நுழைவுத்தேர்வு எழுதி, உடல்திறன் தேர்வு முடித்து, ஆசிரியர்களின் மதிப்பீடுகளை வாங்கி அனுப்பியவருக்கே இந்தக் கடிதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஓராண்டுக்கு முன்பே ஓடத் தொடங்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அப்பா ராணுவ அதிகாரியாக இருப்பவருக்குத் தெரியும். வழிகாட்ட ஆள் வைத்திருக்கும் பள்ளியில் படிப்பவருக்குத் தெரியும். பள்ளி விட்டதும் கடையில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது.

தலைமைப் பண்புக்கான 30 சதவீதமும் அப்படித்தான். விளையாட்டு அணித் தலைவர், மாணவர் மன்றத் தலைவர், சாரணர் இயக்கத்தில் உயர்ந்த நிலை என்று பட்டியல் நீள்கிறது. இவை உண்மையான திறமைகள்தான். அவற்றை வளர்த்துக்கொள்ள மாலை நேரமும் பணமும் அழைத்துப் போக ஆளும் வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

சாவி யார் கையில்?

பரிந்துரை என்ற வாசலைப் புரிந்துகொள்ள வரலாற்றைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் ஓட்டுரிமை பெற்றனர். அந்தக் காலத்தில்தான் வெஸ்ட் பாயின்டின் கதவு அவர்களுக்குச் சற்றுத் திறந்தது. அடிமையாகப் பிறந்த ஹென்றி ஃபிளிப்பர் 1877இல் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஐந்தே ஆண்டுகளில், 1882இல், ராணுவ நீதிமன்ற விசாரணை நடத்தி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பணம் கையாடினார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. 'அதிகாரிக்குத் தகாத நடத்தை' என்று காரணம் காட்டினார்கள். அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1999இல் ஜனாதிபதி கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

1889இல் சார்லஸ் யங் பட்டம் பெற்றார். அதன்பின் 47 ஆண்டுகள் வெஸ்ட் பாயின்டில் ஒரு கறுப்பினத்தவர்கூடப் பட்டம் பெறவில்லை. இதே காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமை பறிக்கப்பட்டது. 1901 முதல் 1929 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. பரிந்துரை எழுத வேண்டிய கை எதுவும் அவர்களுடையதாக இல்லை.

1929இல் சிகாகோவிலிருந்து ஆஸ்கர் டி பிரீஸ்ட் நாடாளுமன்றம் சென்றார். அப்போது அங்கிருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் அவர்தான். அவருடைய பரிந்துரையில் 1932இல் வெஸ்ட் பாயின்ட் சேர்ந்தார் பெஞ்சமின் டேவிஸ். நான்கு ஆண்டுகளும் சக மாணவர்கள் அவரிடம் பேசவில்லை. அறையில் தனியாக இருந்தார். தனியாகச் சாப்பிட்டார். நம் ஊர்களில் 'ஊர்விலக்கம்' என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறு நாட்டில் கிடைப்பது கடினம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 276 பேரில் 35ஆவது இடம் பிடித்து 1936இல் வெளியே வந்தார். இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி கறுப்பின விமானிகளுக்குத் தலைமை தாங்கினார்.

கடற்படை அகாடமியிலும் இதே கதைதான். அங்கே முதல் கறுப்பினப் பட்டதாரியான வெஸ்லி பிரவுனை (1949) பரிந்துரைத்தவர், நியூயார்க்கின் கறுப்பின எம்.பி. ஆடம் கிளேட்டன் பவல். திறமை அதற்கு முன்பும் இருந்தது. அதைக் கண்டு பெயரை எழுதி அனுப்பும் அதிகாரம்தான் இல்லாமல் இருந்தது. அரசியல் பிரதிநிதித்துவம் இல்லாமல் கல்வி வாய்ப்பும் வேலை வாய்ப்பும் வராது என்று அண்ணல் அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் கடல் கடந்த சான்று இது.

கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம்

1948இல் ஜனாதிபதி ட்ரூமன் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்க உத்தரவிட்டார். அதன்பின் கறுப்பின இளைஞர்கள் பெருமளவில் படையில் சேர்ந்தனர். ஆனால், சிப்பாய்களாகத்தான். வியட்நாம் போரில் முன்வரிசையில் நின்றவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். உத்தரவிட்ட அதிகாரிகளோ ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். இந்த இடைவெளி படைக்குள்ளேயே வெடித்தது. 1972 அக்டோபரில் கிட்டி ஹாக் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் கறுப்பின, வெள்ளையின மாலுமிகள் மோதிக்கொண்டு பலர் காயமடைந்தனர்.

இந்த அனுபவத்திலிருந்துதான் ராணுவத் தலைமை பாடம் கற்றது. அதிகாரிகளும் நாட்டின் எல்லா மக்களிலிருந்தும் வராவிட்டால் சிப்பாய் நம்பிக்கை இழப்பான், படை உடையும் என்று உணர்ந்தது. 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழக வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, ஓய்வுபெற்ற ஜெனரல்களும் அட்மிரல்களும் சேர்ந்து இதையே எழுதிக் கொடுத்தார்கள். இனத்தை ஒரு காரணியாகப் பார்ப்பது தேசப் பாதுகாப்புக்குத் தேவை என்பது அவர்கள் வாதம். கருணையின் பெயரால் அவர்கள் அதைக் கேட்கவில்லை. படையின் ஒழுங்கையும் வெற்றியையும் கருதியே கேட்டார்கள். இன்றும் அமெரிக்கப் படைகளில் சிப்பாய் நிலையில் கறுப்பினத்தவருக்கு இருக்கும் பங்கில் ஏறத்தாழப் பாதிதான் அதிகாரிகள் நிலையில் இருக்கிறது.

வழக்கு வந்த வழி

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதுவது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஆனால், ஓர் அடிக்குறிப்பில் ராணுவ அகாடமிகளைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. தீர்ப்பை ஏற்காத நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் இந்த விலக்கைக் கடுமையாக விமர்சித்தார். கறுப்பின இளைஞர்கள் பதுங்குகுழிக்கு வேண்டும், நிர்வாகக் குழு அறைக்கு வேண்டாம் என்பதாகவே இது முடிகிறது என்ற பொருளில் அவர் எழுதினார்.

ஹார்வர்டு வழக்கில் வென்ற அதே அமைப்பு, சில மாதங்களிலேயே வெஸ்ட் பாயின்ட் மீதும் கடற்படை அகாடமி மீதும் வழக்குத் தொடுத்தது. அந்த விசாரணையில்தான் உறுதிக் கடிதம் வெளிச்சத்துக்கு வந்தது. விண்ணப்பதாரர் தகுதி பெற்றவர் என்று முடிவான பிறகு, மூன்று கட்டங்களில் மட்டுமே இனத்தை ஒரு கூடுதல் காரணியாகப் பார்ப்பதாக வெஸ்ட் பாயின்ட் கூறியது. முதலாவது, குறைந்த எண்ணிக்கையில் உறுதிக் கடிதங்கள் அனுப்பும்போது. இரண்டாவது, அகாடமித் தலைவர் தம் அதிகாரத்தில் சிலரைப் பரிந்துரைக்கும்போது. மூன்றாவது, மீதமுள்ள இடங்களுக்குக் கூடுதல் மாணவர்களைச் சேர்க்கும்போது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடிமகனையும் தனி மனிதனாகப் பார்க்க வேண்டும், இனத்தின் பிரதிநிதியாகப் பார்க்கக் கூடாது என்றது அந்த அமைப்பு. ஒருவருக்கு இனத்தின் பேரில் கொடுக்கும் இடம் இன்னொருவரிடமிருந்து எடுத்த இடம் என்றும், குண்டு பாயும்போது சிப்பாய் அதிகாரியின் நிறத்தைப் பார்ப்பதில்லை என்றும் வாதிட்டது.

2024 டிசம்பரில் பால்டிமோர் நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் பென்னட் கடற்படை அகாடமிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். பலதரப்பட்ட அதிகாரிகள் இருப்பது தேசப் பாதுகாப்புக்குத் தேவை என்ற வாதத்தை அவர் ஏற்றார். ஆனால், அந்தத் தீர்ப்பின் பலன் நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் ஜனாதிபதி ஆனார். அந்த மாதமே ராணுவத்தில் இனம், பாலினம் சார்ந்த முன்னுரிமைகளுக்குத் தடை விதிக்கும் உத்தரவு வந்தது. பிப்ரவரியில் கடற்படை அகாடமி தன் சேர்க்கைக் கொள்கையை மாற்றிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வெஸ்ட் பாயின்ட், விமானப்படை அகாடமி மீதான வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. இனி எந்தக் கட்டத்திலும் இனத்தைக் கருதுவதில்லை என்று அகாடமிகள் ஒப்புக்கொண்டன.

மற்ற கதவுகள் திறந்தே இருக்கின்றன

இப்போது உறுதிக் கடிதம் நிறுத்தப்பட்டுவிட்டதா? இல்லை. விளையாட்டு வீரர்களுக்கு அது போகலாம். படைவீரர்களின் பிள்ளைகளுக்கு ஜனாதிபதியின் பெயரில் தனிப் பரிந்துரை இருக்கிறது. எம்.பி. ஒருவர் தாம் தரும் பட்டியலில் ஒருவரை 'முதன்மை' என்று குறித்துவிட்டால், அவர் அடிப்படைத் தகுதி பெற்றிருந்தாலே போதும். அதே பட்டியலில் அவரைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர் இருந்தாலும் இடம் அவருக்குத்தான். இவை எல்லாம் சட்டப்படி நடக்கின்றன. இவற்றால் தகுதி கெட்டுப்போனது என்று யாரும் உச்ச நீதிமன்றம் போகவில்லை.

இந்த வழக்கு காட்டும் முக்கியமான உண்மை இதுதான். மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆள் எடுக்கும் அகாடமியாக வெஸ்ட் பாயின்ட் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எம்.பி.யின் விருப்பம், தந்தையின் பணி, கால்பந்துத் திறமை, மாநில விகிதம் என்று பல வாசல்கள் எப்போதும் இருந்தன. அவற்றுக்கு மரபு என்றும் தேவை என்றும் பெயர். நூற்றாண்டுகளாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காக மூன்று சிறிய இடங்களில் ஒரு சாளரம் திறந்தபோதுதான் அதற்குச் சலுகை என்று பெயர் வந்தது. தகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லா வாசல்களையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. இங்கேயும் அந்தக் கேள்விக்கு இடமுண்டு.

நம் பக்கம் என்ன?

இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால், படையில் கீழ்நிலையில் வரவேற்று மேல்நிலையில் தடுப்பது இந்திய வரலாற்றிலும் நடந்தது. பிரிட்டிஷ் கிழக்கிந்தியப் படைகளில் மராட்டியத்தின் மகர்களும் தமிழகத்தின் பறையர்களும் ஏராளமாகப் பணியாற்றினார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். 1891இல் மாவ் ராணுவ முகாமில்தான் அம்பேத்கர் பிறந்தார். அதே பத்தாண்டில், 'போர்க்குடிகள்' என்று சில சாதிகளை மட்டும் உயர்த்திய கொள்கையின் பேரில் மகர்களைச் சேர்ப்பதை பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. அதோடு ராணுவச் சம்பளமும் ராணுவப் பள்ளிக் கல்வியும் ஒரு சமூகத்துக்கே அடைபட்டன. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது.

இன்று இந்திய ராணுவ அதிகாரிகள் தேர்வில் சாதிவாரி இட ஒதுக்கீடு இல்லை. பூனா அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் எம்.பி. பரிந்துரையும் இல்லை, முன்கூட்டிய உறுதிக் கடிதமும் இல்லை. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை எழுத்துத் தேர்வு நடத்துகிறது. கணிதத்துக்கு 300, பொது அறிவுத் திறனுக்கு 600, ஆக 900 மதிப்பெண். அதில் தேறியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியம் ஐந்து நாட்கள் நடத்தும் நேர்காணலுக்கும் 900 மதிப்பெண். பிறகு மருத்துவப் பரிசோதனை.

இந்த முறையில் சாவி எந்தத் தனி மனிதர் கையிலும் இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால், வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. தமிழில் இல்லை. மொத்த மதிப்பெண்ணில் பாதி நேர்காணலுக்கு. அங்கே குழுவாக விவாதிக்க வேண்டும், தயங்காமல் பேச வேண்டும். ஊர்த் தெருவில் தலைநிமிர்ந்து பேசினாலே 'திமிர்' என்று பெயர் வாங்கும் ஒரு பிள்ளையும், அதிகாரிகள் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளையும் அந்த அறைக்குள் ஒரே தயாரிப்போடு போவதில்லை.

ஆகவே நம் மாணவர்களுக்குச் சில செய்திகள் உரிய காலத்தில் போய்ச் சேர வேண்டும். பிளஸ் 2 படித்துக்கொண்டிருக்கும்போதே தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் தேர்வுக் கட்டணம் இல்லை. தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடப் பிரிவில் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். பெண்களுக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. அவர்களின் முதல் அணி 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தது.

அதற்கும் முன்பே ஒரு வாசல் உண்டு. திருப்பூர் மாவட்டம் அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இயங்குகிறது. அங்கே ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேரலாம். இடங்களில் 15 சதவீதம் பட்டியல் சாதியினருக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு மாணவர்களைத் தயார் செய்வதுதான் அந்தப் பள்ளியின் நோக்கமே. அதிகாரிகள் தேர்வில் இட ஒதுக்கீடு இல்லாத நாட்டில், அதற்கு இட்டுச்செல்லும் பள்ளியில் இட ஒதுக்கீடு இருப்பது சாதாரணச் செய்தி அல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோருக்கு அதைச் சொல்வது யார் பொறுப்பு? ஆதிதிராவிடர் நலப் பள்ளித் தலைமையாசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், ஊராட்சித் தலைவர்கள், படித்து வேலைக்குப் போன அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

அமெரிக்காவில் ஓராண்டு முன்பே ஓடத் தொடங்கியவருக்குத்தான் அந்தக் கடிதம் கிடைக்கிறது. இங்கே முன்கூட்டிய கடிதம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், முன்கூட்டிய தகவல் என்று ஒன்று உண்டு. அது சில வீடுகளுக்குத் தானாகப் போய்விடுகிறது. நம் தெருக்களுக்கு யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வருகிறது.